சிறுநீரகமும் சிராய்ப்பும்: வாசகர் கேள்வி பதில்

சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் கடத்தும் அதே சேனல்கள் தோலிலும் இருக்கின்றன, காயம் ஆறுவதற்கும் அவை வேண்டும் என்று என் மாணவி ஒருத்தி வகுப்பில் சொன்னாள். உண்மையா?
*உயிரியல் ஆசிரியை*

உண்மைதான். அதிலும் இரண்டு சேனல்களைப் பெயர் சொல்லியே காட்டலாம்.

முதலாவது அக்வாபோரின்-3. செல் சவ்வு வழியே நீர் போக ஒரு புரதக் குழாய் இருக்கிறது என்பதை 1992ல் பீட்டர் ஆக்ரேயின் குழு நிரூபித்தது. அந்தப் புரதத்தைத் தவளை முட்டைச் செல்லில் உருவாகச் செய்து, உப்புக் குறைந்த நீரில் போட்டார்கள். புரதம் இல்லாத முட்டை அப்படியே கிடந்தது. புரதம் உள்ள முட்டை சில நிமிடங்களில் ஊதி வெடித்தது. 2003ல் ஆக்ரேவுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் கண்டது அக்வாபோரின்-1. அதே குடும்பத்தைச் சேர்ந்த அக்வாபோரின்-3, சிறுநீரகத்தின் சேகரிப்புக் குழாய்ச் செல்களில் இரத்தத்தைப் பார்த்த பக்கத்தில் இருக்கிறது. மேல்தோலின் அடியடுக்குச் செல்களிலும் இருக்கிறது. இது நீரோடு கிளிசராலையும் கடத்தும். இந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்குச் சிறுநீர் அளவுக்கு மீறிப் போனது, தோல் வறண்டது, காயம் மூடவும் தாமதமானது. ஒரே ஒரு புரதம் போனதில் மூன்று விளைவுகள்.

இரண்டாவது, ஈநாக் எனப்படும் சோடியம் சேனல். ஒரு நாளில் சிறுநீரகங்கள் வடிகட்டுவது ஏறக்குறைய 180 லிட்டர். அதிலுள்ள சோடியத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் வளைவிலேயே திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும். கடைசியில் எஞ்சும் சில விழுக்காட்டை எவ்வளவு விடுவது, எவ்வளவு பிடிப்பது என்று முடிவு செய்வது ஈநாக். சிறிய பங்கு என்று தள்ளிவிட முடியாது, இரத்த அழுத்தமே அதைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. தோலில் இதே சேனல் சோடியத்தை உள்நோக்கி இழுப்பதால் தோலின் உட்பக்கம் நேர்மின்னாகவும் மேற்பரப்பு எதிர்மின்னாகவும் இருக்கும். தோல் கிழிந்தால் அந்த இடத்தில் மின்தடை போய்விடுகிறது; விளிம்பிலிருந்து காயத்துக்குள் மின்னோட்டம் பாய்கிறது. ஜெர்மானிய உடலியலாளர் எமில் துபுவா ரேமோன் 1843ல் இந்தக் காய மின்னோட்டத்தைக் கண்டறிந்தார். கினிப் பன்றித் தோலில் அமிலோரைடு என்ற மருந்தால் சேனலை அடைத்தபோது மின்னழுத்தம் சரிந்தது. விளிம்பில் உள்ள தோல் செல்கள் காயத்தின் நடுப்பகுதியை நோக்கி நகர்வதற்கு இந்த மின்புலம் ஒரு திசைகாட்டி.

மாணவியிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். ஈநாக் பிறவியிலேயே வேலை செய்யாத குழந்தைகள் உண்டு. பிறந்த சில நாட்களில் சிறுநீரில் உப்பு வடிந்துபோகும், இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறும். அவர்களின் வியர்வையும் உப்பு மிகுந்தது, அதனால் தோலில் வேர்க்குரு போன்ற தடிப்புகள் வரும். சிறுநீரகமும் தோலும் ஒரே பாகத்தைப் பயன்படுத்துகின்றன என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

ஆனால் ‘அக்வாபோரினைத் தூண்டும் களிம்பு’ என்று எழுதிய டப்பாவைப் பார்த்துக் குழந்தையின் முழங்காலில் தடவக் கிளம்ப வேண்டாம். எலியில் ஒரு சேனலை நீக்கினால் காயம் தாமதமாகிறது என்பது ஒரு செய்தி. நலமாக உள்ள குழந்தையின் தோலில் அதைக் கூட்டினால் காயம் சீக்கிரம் ஆறும் என்பது வேறொரு கூற்று. முதலாவது மெய்யானால் இரண்டாவதும் மெய்யாகிவிடாது.

ஹெக் 293 என்ற ஆய்வக வளர்ப்புச் செல்களில் ஈநாக் மின்னோட்டத்தைப் பேட்ச் கிளாம்ப் முறையில், அதாவது நுண்ணிய கண்ணாடிப் பிப்பெட்டைச் செல் சவ்வில் ஒட்டவைத்து, அளக்கிறேன். பத்துச் செல்லில் ஒன்றிரண்டில்தான் சீல் (கசிவில்லாத ஒட்டு) பிடிக்கிறது. பிடித்தவற்றிலும் மின்னோட்டம் ஒரு நாள் அதிகம், ஒரு நாள் ஒன்றுமே இல்லை.
*ஆய்வு மாணவர்*

இவை இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள். சீலை முதலில் பார்ப்போம்.

பிப்பெட்டை அன்றன்று இழுங்கள். நேற்று இழுத்ததை மூடி வைத்திருந்தாலும் நுனியில் தூசி படிந்திருக்கும். முழுச்செல் அளவீட்டுக்கு 2 முதல் 4 மெகாஓம் தடை போதும். உட்கரைசலை 0.2 மைக்ரான் வடிகட்டி வழியே விட்டு நிரப்புங்கள். சீல் பிடிக்காததற்கு நாங்கள் முதலில் சந்தேகப்படுவது வடிகட்டாத கரைசலைத்தான். வெளிக்கரைசல் மில்லிமோலார் கணக்கில் சோடியம் குளோரைடு 140, பொட்டாசியம் குளோரைடு 5, கால்சியம் குளோரைடு 2, மெக்னீசியம் குளோரைடு 1, குளுகோஸ் 10, ஹெப்பிஸ் 10, பிஎச் 7.4 என்று இருக்கட்டும். கால்சியத்தைக் குறைத்தால் கண்ணாடியும் சவ்வும் ஒட்டாது. உட்கரைசலின் சவ்வூடு அடர்த்தி வெளியைவிடப் பத்து மில்லிஆஸ்மோல் அளவு குறைந்திருப்பது நல்லது. கூடினால் செல் ஊதும்.

பிப்பெட் நீர்ப்பரப்பைத் தொடும் முன்பே நேர் அழுத்தம் கொடுத்துவிடுங்கள். பரப்பில் மிதக்கும் அழுக்கு நுனியில் ஒட்டினால் அந்தப் பிப்பெட் வீண். செல்லைத் தொட்டதும் தடை சற்று ஏறும். அப்போது அழுத்தத்தை விட்டு, வாயாலோ ஊசிக்குழலாலோ மிக மெதுவாக உறிஞ்சி, மைனஸ் 60 மில்லிவோல்ட் கொடுங்கள். ஒரு கிகாஓமைத் தாண்டாத சீலில் அளவெடுக்காதீர்கள். ஒரு செல்லைத் தொட்ட பிப்பெட்டால் இன்னொரு செல்லைத் தொடவும் வேண்டாம். ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று தோன்றும், இருக்காது. அளவு மெல்ல நகர்ந்துகொண்டே போனால் வெள்ளிக் கம்பியின் குளோரைடுப் பூச்சு தேய்ந்திருக்கிறது என்று பொருள், மறுபடி பூசுங்கள்.

அடுத்தது மின்னோட்டம். ஈநாக்கில் ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று துணையலகுகள் உண்டு. மூன்றின் டிஎன்ஏவும் ஒரே செல்லுக்குள் போகாவிட்டால் மின்னோட்டம் மிகச் சிறியதாகவே இருக்கும். டிஎன்ஏ செலுத்திய கணத்திலிருந்து வளர்ப்பு ஊடகத்தில் 10 மைக்ரோமோலார் அமிலோரைடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திறந்த சேனல் வழியே சோடியம் கொட்டி, நன்றாக வெளிப்படுத்திய செல்களே முதலில் சாகும். நீங்கள் கடைசியில் தேர்ந்தெடுப்பது பிழைத்த செல்கள், அதாவது சேனல் குறைந்த செல்கள். ‘ஒன்றுமே இல்லை’ என்ற நாளுக்கு இதுவே காரணமாக இருக்கலாம். அளவெடுக்கும் முன் அமிலோரைடை நன்றாகக் கழுவிவிடுங்கள். கடைசியில் மீண்டும் 10 மைக்ரோமோலார் சேர்த்து, முன்னதிலிருந்து பின்னதைக் கழியுங்கள். அந்த வேறுபாடுதான் ஈநாக் மின்னோட்டம், மீதியெல்லாம் கசிவு.

‘அதிகம்’ என்ற நாளுக்கு, தட்டிலிருந்து செல்களைப் பிரிக்கும் டிரிப்சின் என்ற புரத நொதியைச் சந்தேகியுங்கள். ஈநாக்கின் வெளிப்பகுதியைப் புரத நொதிகள் வெட்டினால் சேனல் கூடுதல் நேரம் திறந்திருக்கும். ஒரு நாள் இரண்டு நிமிடம், மறுநாள் ஐந்து நிமிடம் என்று செல்களை டிரிப்சினில் விட்டு உடனே அளந்தால் எண்கள் ஒத்துவரா. கவர்ஸ்லிப்பில் செல்களை இட்டபின் குறைந்தது ஓர் இரவு விடுங்கள், நேரத்தையும் கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

கேட்காத ஒன்றும் சொல்கிறோம். ஹெக் என்ற பெயரில் சிறுநீரகம் இருக்கிறதே தவிர, அந்தச் செல் சிறுநீரகக் குழாய்ச் செல்லைப் போல நடப்பதில்லை. 1973ல் கருச் சிறுநீரகத் திசுவிலிருந்து எடுக்கப்பட்டது. நரம்புச் செல்லுக்குரிய பல மரபணுக்கள் அதில் வெளிப்படுகின்றன. சேனலை மட்டும் தனியே பார்க்க அது அருமையான செல். ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சேனலை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பது உங்கள் கேள்வியானால் எலியின் சேகரிப்புக் குழாய்ச் செல் வரிசைக்கு மாறுங்கள்.

நான்கு வயது மகன் அடிக்கடி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொள்கிறான். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரைத்து அழுக்கு வெளியேறும் என்கிறார்கள். காயத்தை மூடாமல் காய விட்டால்தான் பொருக்குத் தட்டி ஆறும் என்கிறார் என் மாமியார்.
*ஒரு தாய்*

நுரை வருவது அழுக்கால் அல்ல. இரத்தத்திலும் செல்களிலும் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடைப் பிளப்பதால் வருவது. கிருமியோடு புதிதாக வளரும் செல்லும் சேர்ந்து கருகும், பையனுக்கு எரிச்சலும் மிச்சம். ஆல்கஹால், செறிந்த கிருமிநாசினித் திரவம் இவற்றுக்கும் இதே பதில்.

காயத்தைச் சுத்தப்படுத்துவது நீர்தான். குடிக்கத் தகுந்த குழாய் நீர் போதும், உப்புநீர்ப் புட்டி வாங்கத் தேவையில்லை. முதலில் உங்கள் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் இடைவிடாமல் அழுத்துங்கள். நடுநடுவே எடுத்து ‘நின்றுவிட்டதா’ என்று பார்த்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பிறகு வெதுவெதுப்பான நீரை ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். ஒட்டியிருக்கும் மண்ணை ஈரமான காஜ் துணியால் மெதுவாகத் துடைத்தெடுங்கள். துகள் உள்ளே தங்கினால் தோல் அதன்மேல் மூடி, நீலக் கறுப்புப் புள்ளியாகப் பச்சை குத்தியதுபோல் நின்றுவிடும். உங்களால் எடுக்க முடியாத துகள் இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், ஒரு வாரம் கழித்து எடுப்பது கடினம்.

மாமியார் சொல்வது பல தலைமுறையாக எல்லோரும் நம்பியதுதான். 1962ல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் ஒரே மாதிரியான காயங்களை ஏற்படுத்தி, சிலவற்றைக் காற்றில் விட்டார், சிலவற்றை மெல்லிய பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடிய காயங்களில் மேல்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது. பொருக்கு உலர்ந்த சுவர் மாதிரி. புதிய தோல் செல்கள் ஈரத்தில்தான் நகரும். எனவே பொருக்குத் தட்டினால் அவை அதன் அடியில் ஈரம் இருக்கும் ஆழத்துக்கு இறங்கிச் சுற்றிப் போக வேண்டும்.

ஆகவே கழுவியபின் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிசாகத் தடவி, ஒட்டாத கட்டுத் துணி வைத்து, பிளாஸ்திரியால் நிறுத்துங்கள். நாளுக்கு ஒரு முறை, நனைந்தால் உடனே, மாற்றுங்கள். வெறும் காஜைக் காயத்தின்மேல் நேராக வைத்தால் அது காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது நேற்று வளர்ந்த தோலும் கூடவே வரும். பிளாஸ்திரியை மேல்நோக்கிப் பிடுங்காமல், தோலோடு படுக்கையாக மடித்து, மறுகையால் தோலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உரியுங்கள். மூன்று நான்கு நாட்களில் புதுத்தோல் மூடியதும் கட்டு வேண்டாம். அந்த இளஞ்சிவப்பு இடத்தைச் சில மாதங்கள் வெயில் படாமல் காத்தால் நிறம் கறுக்காது.

விளிம்பைச் சுற்றி ஒரு நூல் அளவு சிவப்பு இயல்பானது. சிவப்பு நாளுக்கு நாள் பரந்தால், வலி குறையாமல் கூடினால், சீழோ காய்ச்சலோ வந்தால் காத்திருக்காதீர்கள். தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். தொடர் தடுப்பூசி முழுமையாக முடிந்திருந்தால், சுத்தமான சிறு காயத்துக்குக் கடைசி டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தால்தான் மறு ஊசி. மண், சாணம் பட்ட காயத்துக்கு அந்த எல்லை ஐந்து ஆண்டு.

கொதிநீர் கொட்டினால் ஐஸ் வைக்கலாமா?

கூடாது. ஐஸ் அந்த இடத்தின் இரத்த ஓட்டத்தைச் சுருக்கிப் புண்ணை ஆழமாக்கும். குழாய் நீரை 20 நிமிடம் ஓட விடுங்கள். கொட்டி மூன்று மணி நேரத்துக்குள் எப்போது செய்தாலும் பலன் உண்டு. குழந்தையின் மற்ற உடலைப் போர்த்தி வையுங்கள், சிறு உடம்பு சீக்கிரம் குளிர்ந்துபோகும். ஒட்டியிராத துணியைக் கழற்றுங்கள், ஒட்டியதை விடுங்கள். பற்பசை, மாவு, எண்ணெய் எதுவும் வேண்டாம். குழந்தையின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை அதன் உடற்பரப்பில் ஏறக்குறைய ஒரு விழுக்காடு. அதைவிடப் பெரிய புண், அல்லது முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டு இவற்றில் எந்த அளவு புண்ணானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடற்பரப்பில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வெந்திருந்தால் இரத்தக் குழாய் வழியே திரவம் ஏற்ற வேண்டியிருக்கும். போதுமான அளவு ஏறுகிறதா என்று சொல்வது சிறுநீர்தான்: 30 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு மணிக்குக் கிலோவுக்கு 1 மி.லி. அளவு வர வேண்டும்.

காலில் சிரங்கு வந்து ஆறிய குழந்தைக்கு ஒரு மாதம் கழித்துச் சிறுநீரகம் பாதித்ததாகச் சொல்கிறார்கள். புண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு?
*ஒரு தந்தை*

கிருமி தோலைவிட்டு நகரவில்லை. ‘ஏ’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸின் சில வகைகள் தோலில் புண் உண்டாக்கும்போது அவற்றின் புரதங்களும் அவற்றுக்கு எதிராக உடல் செய்த எதிர்ப்பொருள்களும் சேர்ந்து சிறுநீரகத்தின் குளோமெருலஸ் வடிகட்டியில் படிகின்றன. அங்கே அழற்சி தொடங்குகிறது. தொண்டைப் புண்ணுக்குப் பின் ஒன்று முதல் மூன்று வாரத்திலும், தோல் புண்ணுக்குப் பின் மூன்று முதல் ஆறு வாரத்திலும் இது வெளிப்படும். புண் ஆறி மறந்தே போயிருக்கும் என்பதால் பெற்றோருக்குத் தொடர்பு தெரிவதில்லை.

காலையில் கண்ணிமை, முகம் வீங்குவதும், சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் குறைவாகப் போவதும், தலைவலியும் அடையாளங்கள். தலைவலி வந்தால் அன்றே இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்; வலிப்பு வரை போகக்கூடியது உயர்ந்த அழுத்தம்தான். பரிசோதனையில் ஒரு நுட்பம் உண்டு. தொண்டைப் புண்ணுக்குப் பின் உயரும் ஏஎஸ்ஓ (ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு எதிரான ஓர் எதிர்ப்பொருள்) அளவு தோல் புண்ணுக்குப் பின் பெரும்பாலும் உயராது. ‘ஏஎஸ்ஓ சாதாரணம்’ என்று நிம்மதி அடைய முடியாது. அதே கிருமிக்கு எதிரான டிஎன்ஏஸ்-பி எதிர்ப்பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தத்தில் சி3 என்ற புரதம் தாழ்ந்திருந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் சரியாக வேண்டும். ஆகாவிட்டால் வேறு நோயைத் தேட வேண்டும். குழந்தைகளில் பெரும்பாலோர் முழுமையாகக் குணமாகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இரத்த அணுக்கள் மட்டும் சிறுநீரில் பல மாதம் வரலாம்.

சிரங்கு சில இடங்களில் மட்டும் என்றால் முப்பிரோசின் என்ற கிருமிக்கொல்லிக் களிம்பு ஐந்து நாள் போதும். பரவியிருந்தால் வாய்வழி மருந்து. துண்டும் படுக்கை விரிப்பும் தனியாக இருக்கட்டும். அரிப்பு இரவில் கூடினால் அடியில் சொறிப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். அதை விட்டுவிட்டுச் சிரங்குக்கு மட்டும் மருந்து போட்டால் திரும்பத் திரும்ப வரும்.

சிறுநீரகம் பலவீனமான குழந்தைக்குக் காயம் பட்டால் எந்த மருந்துகளைத் தவிர்க்க வேண்டும்?

வலிக்கு ஐபுபுரோஃபென் குடும்ப மாத்திரைகள் வேண்டாம். வடிகட்டிக்கு இரத்தம் கொண்டுவரும் குழலை விரித்து வைக்கும் புராஸ்டாகிளாண்டினை அவை தடுக்கும். வாந்தி பேதியால் நீர் வற்றியிருக்கும் எந்தக் குழந்தைக்கும் இது பொருந்தும். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் இல்லை.

பூசும் மருந்து உள்ளே போகாது என்று நினைப்பதில்தான் பிசகு. தோல் இல்லாத பரப்பு திறந்த வாசல். நியோமைசின் களிம்பைப் பரந்த புண்ணில் பூசினால் இரத்தத்தில் கலந்து காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். போவிடோன் அயோடினைப் பெரிய புண்ணில் நாள்தோறும் போட்டால் அயோடின் வெளியேறாமல் தேங்கும். பச்சிளம் குழந்தைக்குத் தைராய்டையும் அடக்கும். பெரிய தீப்புண்ணில் பாலிஎத்திலீன் கிளைகால் அடிப்படைக் களிம்புகளும் கூடாது. பெட்டியின் பின்புறம் அடிப்பொருள் பட்டியலைப் படியுங்கள். நெஃப்ரோட்டிக் நோய்க்கு (சிறுநீரில் புரதம் வெளியேறும் சிறுநீரக நோய்) ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைக்குக் காயம் மெதுவாக ஆறும். தொற்று வந்தாலும் காய்ச்சலும் சிவப்பும் அடங்கியே தெரியும் என்பதால், மற்ற குழந்தைக்கு இரண்டு நாள் பார்க்கலாம் என்றால் இவர்களுக்கு ஒரு நாள்.

நெற்றியில் வெட்டுப்பட்டு வரும் குழந்தைகளுக்கு மரத்துப்போகும் ஊசி போடுவதே தையலைவிடப் பெரும்பாடு. மாற்று வழி?
*அவசரப் பிரிவுச் செவிலியர்*

லிக்னோகைன் 4, அட்ரினலின் 0.1, டெட்ராகைன் 0.5 விழுக்காடு சேர்ந்த மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைப் பயன்படுத்துங்கள். கிலோவுக்கு 0.1 மி.லி., உச்சம் 3 மி.லி. காயத்துக்குள்ளேயே இட்டு, ஒட்டும் படலத்தால் மூடி, 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். சுற்றுத்தோல் வெளுத்தால் வேலை செய்துவிட்டது. வெளுக்காவிட்டால் தையலைத் தொடங்காதீர்கள். உதட்டின் உட்புறம், மூக்கின் உட்புறம் போன்ற ஈரச்சவ்வுகளில் போடக்கூடாது.

இங்கும் சேனல்தான் கதாநாயகன். லிக்னோகைன் நரம்பின் சோடியம் சேனலை உட்புறத்திலிருந்து அடைக்கிறது. மின்னூட்டம் இல்லாத வடிவில் இருந்தால்தான் சவ்வைக் கடந்து உள்ளே போகும். சீழ் பிடித்த திசுவில் அமிலம் கூடுதல் என்பதால் அந்த வடிவம் குறைந்து மருந்து பிடிப்பதில்லை. ஊசியே போட வேண்டி வந்தால் 1 விழுக்காடு லிக்னோகைன் 10 மி.லி.யில் 8.4 விழுக்காடு சோடியம் பைகார்பனேட் 1 மி.லி. கலந்து, உடல் வெப்பத்துக்குக் கொண்டுவந்து, மெதுவாகச் செலுத்துங்கள். எரிச்சல் வெகுவாகக் குறையும்.

நேரான, இழுவை இல்லாத, ஐந்து சென்டிமீட்டருக்குள் அடங்கும் வெட்டுக்குத் தோல் பசையே போதும். இரத்தம் முழுமையாக நின்றிருக்க வேண்டும். விளிம்புகளை விரல்களால் சேர்த்துப் பிடித்து, மேற்பரப்பில் மட்டும் மூன்று நான்கு மெல்லிய பூச்சு. உள்ளே இறங்கினால் காயம் ஒட்டாது. அரை நிமிடமாவது பிடித்திருங்கள். நெற்றிக் காயமானால் குழந்தையின் தலையைச் சாய்த்து, பசை கண்ணிலிருந்து விலகி ஓடும்படி வையுங்கள். இமையின்மேல் பெட்ரோலியம் ஜெல்லி தடவிய காஜ் இருக்கட்டும். தப்பித்தவறி இமை ஒட்டிக்கொண்டால் பிரித்து இழுக்காமல் கண் களிம்பு இடுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது பெற்றோரிடம் சொல்ல வேண்டியது: பசையின்மேல் களிம்போ ஜெல்லியோ தடவினால் கரைந்து பிரிந்துவிடும், ஊற வைத்துக் குளிப்பாட்டக் கூடாது, ஐந்து முதல் பத்து நாளில் தானாக உதிரும். தையல் போட்டிருந்தால் முகத்தில் ஐந்தாம் நாள், தலையில் ஏழு முதல் பத்தாம் நாள், மூட்டின்மேல் பத்து முதல் பதினான்காம் நாள் பிரிக்கலாம். முகத்தில் நாள் தள்ளினால் தையலின் தடமே ஏணிப்படி போல நிலைத்துவிடும்.